நஞ்சுக்கொடி கடந்து வந்த காவல்

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாய்க்கே தெரியாமல் ஒரு கொடுக்கல் நடக்கிறது. சின்ன வயதிலிருந்து அவள் பட்ட சளி, காய்ச்சல், அம்மை, போட்டுக்கொண்ட தடுப்பூசி ஆகியவற்றின் நினைவாக எதிர்ப்பொருள்கள் அவள் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. மருத்துவமனையில் ஆன்டிபாடி என்று சொல்வது இவற்றைத்தான். நஞ்சுக்கொடியில் இவற்றுக்கென்றே ஓர் ஏற்பி இருக்கிறது. ஓடக்காரனைப் போல அது ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்பொருளை மட்டும் ஏற்றிக்கொண்டு, அக்கரையில் குழந்தையின் ரத்தத்தில் இறக்கிவிட்டுத் திரும்புகிறது. மாதம் நிறைந்து பிறக்கும் குழந்தையிடம் இந்த எதிர்ப்பொருள் தாயிடம் உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருப்பதுண்டு. குறைமாதக் குழந்தையோ ஓடம் தன் நடைகளை முடிக்கும் முன்பே பிறந்துவிடுகிறது.

இது தாய் கொடுத்தனுப்பும் சீதனம். ஆனால் கரையும் சீதனம். ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒருமுறை இது பாதியாகக் குறைகிறது. குழந்தைக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும்போது கையிருப்பு மெலிந்திருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் ஆர்.எஸ்.வி. என்ற நுரையீரல் வைரஸ் மிகக் கடுமையாகத் தாக்குகிறது.

இந்த வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருளின் வரலாறு ஏறத்தாழ 70 ஆண்டு நீளமானது. காவலன் என்று நம்பப்பட்டு, கொலைகாரன் என்று சந்தேகிக்கப்பட்டு, பிறகு குற்றம் நீங்கி, கடைசியில் தான் பிடிக்கவேண்டிய இடத்தைக் கண்டடைந்த கதை அது. எதிர்ப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதற்கும் நோய் எவ்வளவு முற்றுகிறது என்பதற்கும் உள்ள உறவை, எனக்குத் தெரிந்து, இதைவிடத் தெளிவாகச் சொல்லும் கதை வேறில்லை.

முதலில் அந்த நோயைப் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். இரண்டு மாதக் குழந்தை. மூன்று நாளாக மூக்கொழுகல், லேசான காய்ச்சல். நான்காம் நாள் பால் குடிக்கும்போது இரண்டு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு வாயை எடுத்துவிடுகிறது. மூச்சு வாங்குகிறது. சட்டையைத் தூக்கிப் பார்த்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே இழுக்கிறது. நெஞ்சுக்குக் கீழே குழி விழுகிறது. காதை வைத்தால் விசில் போன்ற இளைப்பு. நுரையீரலின் கடைசிக் கிளைகளான நுண்குழல்கள் பச்சிளம் குழந்தைக்கு மிகமிகக் குறுகலானவை. அவற்றின் உட்சுவர் வீங்கி, உதிர்ந்த செல்களும் சளியும் அடைத்துக்கொண்டால் காற்று உள்ளே போகும், வெளியே வராது. பெரியவருக்கு வெறும் ஜலதோஷமாகப் போய்விடும் அதே வைரஸ், குழந்தைக்கு ஆக்ஸிஜன் குழாயைக் கொண்டுவந்துவிடுகிறது.

சிம்பன்சியிடமிருந்து தொட்டிலுக்கு

வைரஸ் முதலில் பிடிபட்டது குழந்தையிடம் அல்ல. 1956இல் அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிறுவனத்தில் இருந்த சிம்பன்சிகளுக்குச் சளி பிடித்தது. அவற்றிடமிருந்து பிரித்தெடுத்த கிருமிக்குச் சிம்பன்சி ஜலதோஷக் காரணி என்று பெயரிட்டார்கள். மறு ஆண்டே ராபர்ட் சானக் என்ற மருத்துவர் பால்டிமோரில் நோயுற்ற இரண்டு குழந்தைகளிடம் அதே வைரஸைக் கண்டார். ஆய்வகத் தட்டில் வளர்த்தபோது அது பக்கத்துப் பக்கத்துச் செல்களை ஒன்றோடொன்று இணைத்துப் பெரிய கூட்டுச் செல்லாக்கியது. அந்தக் குணத்தை வைத்தே அதற்கு ‘ரெஸ்பிரேட்டரி சின்சிடியல் வைரஸ்’ என்ற பெயர் வந்தது. செல்களை இணைக்கும் இந்த வேலையைச் செய்வது வைரஸின் மேல்தோலில் உள்ள எஃப் என்ற புரதம். நம் கதையின் முடிச்சு இந்தப் புரதத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதை அவிழ்க்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

தடுப்பூசி செய்வது எளிது என்றே அன்று எல்லோரும் நினைத்தார்கள். 1955இல் சால்க்கின் போலியோ தடுப்பூசி வெற்றி பெற்றிருந்தது. வைரஸை வளர்த்து, ஃபார்மலினில் கொன்று, ஊசியில் ஏற்று. உடல் எதிர்ப்பொருளை உருவாக்கிக்கொள்ளும். இதே வழியில் ஆர்.எஸ்.வி.க்கும் ஒரு தடுப்பூசி தயாரானது. 1966 வாக்கில் அமெரிக்காவில் கைக்குழந்தைகளுக்குப் போட்டார்கள். ரத்தத்தைச் சோதித்தபோது எதிர்ப்பொருள் நன்றாகவே ஏறியிருந்தது.

பிறகு ஆர்.எஸ்.வி. பருவம் வந்தது. வாஷிங்டனில் நடந்த ஆய்வில் தடுப்பூசி பெற்றவர்கள் 31 குழந்தைகள். அவர்களில் 20 பேருக்குத் தொற்று வந்தது. அந்த 20 பேரில் 16 பேரை மருத்துவமனையில் சேர்க்கவேண்டியதாயிற்று. இரண்டு குழந்தைகள் இறந்தன. இந்தத் தடுப்பூசி போடாத ஒப்பீட்டுக் குழுவில் தொற்று கண்டவர்களில் 5 சதவீதம் பேர்தான் மருத்துவமனைக்குப் போனார்கள்.

இந்த எண்களை வேகமாகக் கடந்துவிடக்கூடாது. காப்பாற்றும் என்று நம்பிப் பெற்றோர் கையை நீட்டிக் கொடுத்த குழந்தைகள் அவர்கள். ஊசி போடாதிருந்தால் பெரும்பாலும் வீட்டிலேயே குணமாகியிருப்பார்கள்.

குற்றவாளிக் கூண்டில்

எதிர்ப்பொருள் இருந்தும் ஏன் இப்படி ஆயிற்று என்ற கேள்வி, எதிர்ப்பொருள் இருந்ததால்தான் இப்படி ஆயிற்றோ என்று திரும்பியது. சந்தேகத்துக்கு இன்னொரு சாட்சியும் சேர்ந்தது. ஆர்.எஸ்.வி. மிகக் கடுமையாக வருவது முதல் சில மாதங்களில். தாய் கொடுத்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருப்பதும் அதே மாதங்களில். அப்படியானால் தாயின் சீதனமே குழந்தையின் நுரையீரலைக் கெடுக்கிறதா? சானக்கின் குழுவே இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது. ஆர்.எஸ்.வி. தடுப்பூசி முயற்சி பல பத்தாண்டுகள் படுத்துவிட்டது.

எதிர்ப்பொருளுக்குச் சாதகமான சாட்சியம் ஹூஸ்டனிலிருந்து வந்தது. பால் கிளெசன் குழுவினர் ஏழைக் குடும்பக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, பிறக்கும்போது தாயின் எதிர்ப்பொருள் அதிகம் பெற்ற குழந்தைக்குத் தொற்று தள்ளிப்போகிறது, கடுமையும் குறைகிறது என்று 1981இல் எழுதினார்கள். நோயும் எதிர்ப்பொருளும் ஒரே மாதங்களில் இருப்பதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. வீடு தீப்பற்றிய இடத்தில் எப்போதும் தீயணைப்பு வண்டி நிற்கிறது என்பதற்காக வண்டிதான் தீ வைத்தது என்று சொல்லமுடியுமா? அடுத்த சாட்சியம் பருத்தி எலியிடமிருந்து. அமெரிக்கப் புல்வெளிகளில் திரியும் இந்தக் கொறிவிலங்கின் நுரையீரலில் ஆர்.எஸ்.வி. நன்றாக வளரும். கிரெகரி பிரின்ஸும் சானக்கும் இதற்கு வெளியிலிருந்து எதிர்ப்பொருளை ஏற்றிவிட்டு வைரஸைச் செலுத்தினார்கள். நோய் முற்றவில்லை, நுரையீரல் காக்கப்பட்டது. ஃபார்மலின் தடுப்பூசி போட்ட எலிகளுக்கோ நுரையீரல் மோசமாகியது.

ஆக எதிர்ப்பொருள் என்ற இனம் குற்றவாளி அல்ல. அந்தத் தடுப்பூசி உருவாக்கிய எதிர்ப்பொருளில்தான் கோளாறு.

என்ன கோளாறு என்று தெரிய மேலும் காலம் பிடித்தது. இறந்துபோன குழந்தைகளின் நுரையீரல் திசுவைச் சீவிக் கண்ணாடித் தகட்டில் பதித்துப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். பெர்னாண்டோ போலாக் என்ற அர்ஜென்டினா மருத்துவரின் குழு 2002இல் அவற்றை ஆராய்ந்தது. எதிர்ப்பொருளும் வைரஸும் சேர்ந்து கட்டிகளாகத் திரண்டு நுரையீரலில் படிந்து, அழற்சியைக் கிளப்பும் காம்ப்ளிமென்ட் புரதங்களை அங்கேயே எழுப்பிவிட்ட தடம் தெரிந்தது. எதிர்ப்பொருளுக்கு ஒய் எழுத்தின் வடிவம். இரண்டு கைகள் பகைவனைப் பிடிக்கும். வால் மற்றப் படைகளைக் கூவி அழைக்கும். இந்த எதிர்ப்பொருளின் கைகள் வைரஸைத் தொட்டன, ஆனால் அடக்கவில்லை. வாலோ கூவுவதை நிறுத்தவில்லை. 2009இல் அதே குழு காரணத்தைத் துலக்கியது: கொன்ற வைரஸ் உடலின் எச்சரிக்கை அமைப்பைப் போதிய அளவு தட்டி எழுப்பாததால், எதிர்ப்பொருள் மெல்ல மெல்லப் பிடியை இறுக்கிக்கொள்ளும் பயிற்சியைப் பெறவில்லை. தளர்ந்த பிடியோடு களத்துக்கு வந்துவிட்டது. திசை தவறிய டி செல்களும் இந்தச் சேதத்தில் பங்கெடுத்தன.

கூடம் நிறைய ஆள் இருந்தும் திருடனைப் பிடிக்கத் தெரிந்தவன் ஒருவனும் இல்லை. எல்லோரும் கூச்சல் போட்டதில் வீடுதான் உடைந்தது. 1966இன் பாடம் இதுதான்.

எழுபத்தைந்து மில்லிலிட்டரிலிருந்து முக்கால் மில்லிலிட்டருக்கு

உடலை உருவாக்கச் சொல்வது ஆபத்து என்றால், உருவான எதிர்ப்பொருளையே கொடுத்தால் என்ன? ரத்ததானம் தந்தவர்களில் ஆர்.எஸ்.வி. எதிர்ப்பொருள் மிகுந்தவர்களின் பிளாஸ்மாவைச் சேர்த்து ஒரு மருந்து தயாரித்தார்கள். 1996இல் அமெரிக்கா அனுமதித்தது. கிலோ எடைக்கு 750 மில்லிகிராம். ஐந்து கிலோ குழந்தைக்கு 75 மில்லிலிட்டர் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக நரம்பு வழியே ஏற்றவேண்டும், மாதம் ஒருமுறை. குறைமாதக் குழந்தையின் நரம்பைத் தேடிக் கண்டுபிடிப்பது எவ்வளவு சிரமம் என்பது செவிலியர்களுக்குத் தெரியும்.

இரண்டே ஆண்டில், 1998இல், பாலிவிசுமாப் வந்தது. பலரின் ரத்தத்திலிருந்து அள்ளிய கலவை அல்ல இது. எஃப் புரதத்தின் ஓர் இடத்தை மட்டும் பிடிக்கும் ஒரே வகை எதிர்ப்பொருள். கிலோவுக்கு 15 மில்லிகிராம் போதும். அதே ஐந்து கிலோ குழந்தைக்கு முக்கால் மில்லிலிட்டர், தொடையில் ஒரு ஊசி. 1,502 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், ஆர்.எஸ்.வி.யால் மருத்துவமனைக்குப் போனவர்கள் 10.6 சதவீதத்திலிருந்து 4.8 சதவீதமாகக் குறைந்தார்கள். எடைக்கு எடை பார்த்தால் ஐம்பதில் ஒரு பங்கு எதிர்ப்பொருள், அதைவிட நல்ல பலன். காவல் எண்ணிக்கையில் இல்லை, பிடிக்கும் இடத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஆனால் விலை மிக அதிகம். பருவம் முழுவதும் மாதாமாதம் போடவேண்டும். குறைமாதம், இதயக் கோளாறு போன்ற ஆபத்துள்ள குழந்தைகளோடு அது நின்றுகொண்டது.

மொட்டும் மலரும்

இனி எஃப் புரதம். வைரஸின் மேல் அது குட்டையாக, பம்பரம் போல உருண்டு, உள்ளே ஒரு வில்லை மடக்கிவைத்ததுபோல இருக்கிறது. செல்லைத் தொட்டதும் வில் விடுபடுகிறது. புரதம் சட்டென்று நீண்டு செல்லின் சவ்வைக் குத்தி இழுத்து வைரஸோடு இணைக்கிறது. இணைந்தபின் ஊதுபத்திபோல நீண்டு நின்றுவிடுகிறது. மலர்ந்த பூ மறுபடி மொட்டாகாததுபோல, நீண்ட எஃப் திரும்பக் குட்டையாவதில்லை. நோயைத் தடுக்கவேண்டுமானால் மொட்டாக இருக்கும்போதே பிடிக்கவேண்டும். மலர்ந்தபின் பிடித்துப் பயனில்லை.

சிக்கல் என்னவென்றால் மொட்டு நிலையற்றது. வைரஸைச் சூடாக்கினாலும், வேதிப்பொருளில் ஊறவைத்தாலும், சும்மா வைத்திருந்தாலும்கூட மலர்ந்துவிடும். ஃபார்மலினில் கொன்ற பழைய தடுப்பூசியில் இருந்ததெல்லாம் பெரும்பாலும் மலர்ந்த எஃப் என்பது பின்னாளில் உறுதியானது. அந்தக் குழந்தைகளின் உடல் ஆயிரம் ஆயிரமாய் எதிர்ப்பொருள் செய்தது உண்மை. ஆனால் வேலை முடிந்துபோன வடிவத்தைப் பார்த்துச் செய்தது.

மொட்டின் உருவத்தை முதலில் கண்டவர்கள் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசி ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள். பார்னி கிரஹாம் பல ஆண்டுகளாக ஆர்.எஸ்.வி.யையே ஆராய்ந்துவந்தவர். பீட்டர் க்வாங்கின் குழுவில் சேர வந்த இளம் ஆய்வாளர் ஜேசன் மெக்லெல்லனுக்கு அங்கே இடம் போதாமல், கிரஹாமின் ஆட்கள் இருந்த தளத்தில் மேசை கிடைத்தது. அந்த அக்கம்பக்கத்தில்தான் எஃப் புரதத்தின் மேல் அவருக்கு ஆர்வம் பிறந்தது. ஆம்ஸ்டர்டாமில் மனித ரத்தச் செல்லிலிருந்து பிரித்தெடுத்த டி25 என்ற எதிர்ப்பொருள் வைரஸை அபாரமாக அடக்கியது. ஆனால் மலர்ந்த எஃப்பை அது தொடவே இல்லை. அப்படியானால் அது மொட்டைத்தான் பிடித்திருக்கவேண்டும். டி25 பிடித்த பிடியிலேயே மொட்டை அசையாமல் நிறுத்தி, 2013இல் அதன் முழு வடிவத்தையும் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். எதிர்ப்பொருள் பிடித்த இடம் மொட்டின் உச்சி. மலர்ந்தபின் உருத்தெரியாமல் குலைந்துபோகும் இடம். அதே ஆண்டு மொட்டு மலராதபடி மூலக்கூறுகளால் தைத்துக் கட்டி ஒரு புரதம் செய்தார்கள். 2019இல் அதை மனிதர்களுக்குக் கொடுத்தபோது வைரஸை அடக்கும் திறன் பத்து மடங்குக்கு மேல் உயர்ந்தது.

கொரோனா காலத்துச் சோதனை

இந்த அறிவு மற்றொரு நோய்க்குக் கைகொடுத்தது. மெக்லெல்லன், கிரஹாம், ஆண்ட்ரூ வார்டு குழுக்கள் கொரோனா குடும்பத்து ஸ்பைக் புரதத்தையும் இரண்டு புரோலின் அமினோ அமிலங்களை நுழைத்து மலராமல் நிறுத்தும் வழியை மெர்ஸ் வைரஸில் கண்டிருந்தார்கள். 2020இல் மாடர்னா, பைசர் தடுப்பூசிகள் இரண்டும் அந்த முறையைத்தான் எடுத்துக்கொண்டன.

அந்த ஆண்டில் பழைய குழப்பமும் திரும்பி வந்தது. கொரோனா முற்றியவர்களின் ரத்தத்தில் லேசாக வந்தவர்களைவிட எதிர்ப்பொருள் அதிகம் இருந்தது. இது பெரும்பாலும் நோயின் விளைவு: வைரஸ் அதிகம், நாளும் அதிகம், ஆகவே உற்பத்தியும் அதிகம். ஆனால் எதிர்ப்பொருளே நோயை வளர்த்த வழிகளும் உண்டு. நோய் முற்றிய சிலரின் எதிர்ப்பொருள் வாலில் ஃபியூகோஸ் என்ற சர்க்கரை குறைந்திருந்தது. அந்த வால் அழற்சியைக் கூடுதலாகக் கிளப்பியது. இன்னும் சிலரிடம் தம் உடலின் முதல் அரணான இன்டர்ஃபெரானையே தாக்கும் எதிர்ப்பொருள் முன்பே இருந்தது. 2020இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், உயிருக்கு ஆபத்தான நிமோனியா கண்ட 987 பேரில் 101 பேரிடம் இது இருந்தது. அறிகுறி இல்லாமலோ லேசாகவோ வந்துபோன 663 பேரில் ஒருவரிடமும் இல்லை.

நேரமும் முக்கியம். இந்தியாவின் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ஒரு பகுதியினருக்குக் குணமானவர்களின் பிளாஸ்மாவை ஏற்றிப் பார்த்தார்கள். நோய் முற்றுவதையும் சாவையும் அது குறைக்கவில்லை. அர்ஜென்டினாவில் முதியவர்களுக்கு, அறிகுறி தொடங்கிய 72 மணி நேரத்துக்குள், எதிர்ப்பொருள் மிகுந்த பிளாஸ்மாவை மட்டும் தேர்ந்து ஏற்றியபோது நோய் முற்றியவர்கள் 31 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தார்கள். இந்த ஆய்வை நடத்தியதும் போலாக்கின் குழுதான். திருடன் வீட்டுக்குள் புகுந்து எல்லாவற்றையும் கலைத்தபின் வாசலில் காவல் நிறுத்துவதும், அவன் படியேறும்போதே மறிப்பதும் ஒன்றல்ல.

மறுபடி ஓடக்காரனிடம்

டி25ஐ மெருகேற்றி உருவானதுதான் நிர்செவிமாப். இதில் ஓர் அழகான திருப்பம் இருக்கிறது. நஞ்சுக்கொடியில் எதிர்ப்பொருளை ஏற்றிவந்த அதே ஏற்பி, பிறந்தபிறகும் ரத்தக்குழாய்ச் செல்களுக்குள் சிதைய இருக்கும் எதிர்ப்பொருளை மீட்டு மறுபடி ரத்தத்தில் விடுகிறது. நிர்செவிமாபின் வாலை, அந்த ஓடக்காரனை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்படி மாற்றினார்கள். மூன்று வாரத்தில் பாதியாகும் பொருள் இப்போது ஏறத்தாழ 70 நாளில்தான் பாதியாகிறது. ஒரு ஊசி ஒரு பருவம் முழுவதும் காக்கிறது. ஐந்து கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு அரை மில்லிலிட்டர், 50 மில்லிகிராம். ஐரோப்பா 2022இலும் அமெரிக்கா 2023இலும் அனுமதித்தன. ஸ்பெயினின் கலீசியா மாநிலம் 2023 செப்டம்பரில் எல்லாப் பச்சிளம் குழந்தைகளுக்கும் போட ஆரம்பித்தது. ஊசி பெற்ற குழந்தைகள் ஆர்.எஸ்.வி.யால் மருத்துவமனையில் சேர்வது 82 சதவீதம் குறைந்தது.

இன்னொரு வழி, தாய்க்கே தடுப்பூசி போடுவது. மொட்டு வடிவ எஃப் புரதத்தைக் கர்ப்பத்தின் பிற்பகுதியில் தாய்க்குக் கொடுத்தால் அவள் உடல் சரியான எதிர்ப்பொருளைச் செய்கிறது. மீதியை ஓடக்காரன் பார்த்துக்கொள்கிறான். இதற்கும் 2023இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. ஆய்வில், பிறந்து 90 நாள்வரை கடும் நோயை இது 81.8 சதவீதம் குறைத்தது. ஒரு காலத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்ற தாயின் எதிர்ப்பொருளை, இன்று மருத்துவமே கேட்டு வாங்கிக் குழந்தைக்குக் கொடுத்தனுப்புகிறது.

இந்தப் பயணத்தில் வேலூருக்கும் பங்குண்டு. குழந்தைகளின் நுண்குழல் அழற்சிக்கு நம் ஊரிலும் ஆர்.எஸ்.வி.தான் முக்கியக் காரணம் என்று 1990இல் காட்டியது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வு. அதில் உழைத்த எரிக் சிமோயிஸ் பின்னர் அமெரிக்கா சென்று, பிளாஸ்மா மருந்திலிருந்து நிர்செவிமாப், தாய்த் தடுப்பூசி வரை ஏறக்குறைய எல்லாக் கட்டத்து ஆய்வுகளிலும் பங்கேற்றார்.

இனி பரிசோதனைக் கூடத்து அறிக்கையில் ஆன்டிபாடி அளவு என்று ஓர் எண்ணைக் காணும்போது, அது பாதி உண்மை என்பதை நினைவில் வையுங்கள். எங்கே பிடிக்கிறது, எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது, எப்போது வந்து சேர்கிறது என்ற மற்றப் பாதி அந்தத் தாளில் இருக்காது.

2019ஆம் ஆண்டில் உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 1,01,400 பேர் ஆர்.எஸ்.வி. தொடர்பான காரணத்தால் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்களில் 97 சதவீதம் பேர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளின் குழந்தைகள். தாய்க்கான தடுப்பூசி, குழந்தைக்கான ஊசி இரண்டில் ஒன்றையேனும் எல்லா நாடுகளும் கொண்டுவரவேண்டும் என்று 2025இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. சிம்பன்சிக் கூண்டிலிருந்து தொட்டில்வரை வந்த காவல், ஆரம்ப சுகாதார நிலையத்தின் குளிர்பெட்டிவரை வந்து சேரவேண்டும். பழைய தடுப்பூசி ஆய்வில் இறந்த அந்த இரண்டு குழந்தைகளுக்கு நாம் பட்ட கடன் அப்போதுதான் தீரும்.